விண்டோஸ் இல்லாமல் விண்டோஸுக்கு மென்பொருள் கட்டுவது

எலக்ட்ரம் என்று ஒரு பிட்காயின் பணப்பை மென்பொருள் இருக்கிறது. 2011-ல் வந்தது. பைத்தானில் எழுதியது. மூலநிரல் முழுக்க வெளியில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அதன் விண்டோஸ் பதிப்பை எங்கே கட்டுகிறார்கள் என்று தேடிப்போனால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். விண்டோஸ் கணினியில் இல்லை. லினக்ஸில், ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், வைன் என்கிற மென்பொருளை வைத்துக் கட்டுகிறார்கள். மூலநிரலில் இதற்கென்றே 'பில்ட்-வைன்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு.

கேட்டதும் 'லைசென்ஸ் காசை மிச்சம் பண்றாங்க போல' என்றுதான் தோன்றும். தனியாளாக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அதுவும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரு இயங்குதளத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றுக்கு மென்பொருள் கட்டுவது எப்படி சாத்தியம் என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு நிரல் ஒரு கணினியில் ஓட வேண்டுமென்றால் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, பிராசஸருக்குப் புரிகிற கட்டளைகள். இரண்டு, கோப்பின் அமைப்பு: விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்புக்கு ஒரு வடிவம், லினக்ஸ் நிரலுக்கு வேறு வடிவம். மூன்று, நிரல் இயங்குதளத்தைக் கூப்பிட்டுக் கேட்கும் உதவிகள்: கோப்பைத் திற, நினைவகம் கொடு, ஜன்னல் ஒன்றை வரை, இப்படி. ஒரே மேசைக் கணினியில் லினக்ஸும் விண்டோஸும் போட முடிகிறதே, அங்கே முதல் விஷயத்தில் வித்தியாசமே கிடையாது. இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளை எந்த இயங்குதளத்துக்குக் கீழேயும் அதே கட்டளைதான். மாறுவது இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும்.

வைன் செய்வது அந்த இரண்டைத்தான். இஎக்ஸ்இ கோப்பைப் பிரித்து நினைவகத்தில் ஏற்றுகிறது. நிரல் விண்டோஸைக் கூப்பிடும்போதெல்லாம் குறுக்கே நின்று, அதே வேலையை லினக்ஸிடம் கேட்டு வாங்கித் தருகிறது. 1993-ல் ஆரம்பித்த வேலை, 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. பிராசஸரைப் போல நடிக்கும் வேலை அதில் இல்லை என்ற அர்த்தத்தில் அது சரிதான். ஆனால் உள்ளே ஓடுகிற நிரலைக் கேட்டால், தான் விண்டோஸில் இருப்பதாகத்தான் அது சத்தியம் செய்யும். அந்தப் பொருளில் நான் இங்கே எமுலேஷன் என்றே சொல்லப்போகிறேன், வைன்காரர்கள் மன்னிக்கட்டும்.

சரி, கம்பைல் பண்ணுவதற்கு எதற்கு எமுலேஷன்? நியாயமான கேள்வி. கம்பைலர் என்பது எழுத்தை வாங்கி பைட்டுகளாக எழுதித்தரும் நிரல். அது எழுதும் பைட்டுகள் தன் சொந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. லினக்ஸில் ஓடிக்கொண்டே விண்டோஸ் கோப்பை எழுதித்தரும் கம்பைலர்கள் உண்டு, கிராஸ் கம்பைலர் என்பார்கள். மிங்டபிள்யூ அப்படி ஒன்று. ஒரு சின்ன சி நிரலுக்கு அது போதும், வைன் பக்கமே போக வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மென்பொருள் கட்டுவது என்பது கம்பைல் பண்ணுவது மட்டும் அல்ல. நடுவில் பல இடங்களில், கட்டிய துண்டை அங்கேயே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து, ஓட்டி, வரும் விடையை வைத்து அடுத்த முடிவை எடுக்கும். சில மென்பொருள்கள் முதலில் ஒரு கருவியைக் கட்டி, அந்தக் கருவியை வைத்துத்தான் மிச்சத்தைக் கட்டும். கிராஸ் கம்பைலர் இங்கே கையை விரித்துவிடும். எழுதிக்கொடுக்க அதற்குத் தெரியும், ஓட்டிக் காட்டத் தெரியாது.

பைத்தான் நிரல்களுக்கு இது இன்னும் கஷ்டம். பைத்தான் நிரலை இஎக்ஸ்இ ஆக்க பைஇன்ஸ்டாலர் என்ற கருவியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது கம்பைலரே அல்ல, ஒரு மூட்டை கட்டும் கருவி. நிரல் எந்தெந்த மாட்யூலை இழுக்கிறது, அவை எந்தெந்த டிஎல்எல் கோப்புகளை இழுக்கின்றன என்று தேடி, பைத்தானையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, முன்னால் ஒரு சிறிய துவக்கியை ஒட்டிக் கொடுக்கும். கல்யாண வீட்டுக்குச் சாமான் கட்டுவது மாதிரி: எந்த வீட்டில் நின்று கட்டுகிறாயோ அந்த வீட்டுப் பாத்திரம்தான் மூட்டையில் ஏறும். லினக்ஸில் ஓட்டினால் லினக்ஸ் பைத்தானும் லினக்ஸ் லைப்ரரிகளும்தான் ஏறும். விண்டோஸ் மூட்டை வேண்டுமென்றால் விண்டோஸ் பைத்தான் ஓடுகிற இடத்தில் கட்ட வேண்டும். அதனால்தான் எலக்ட்ரம் வைனுக்குள் விண்டோஸ் பைத்தானை நிறுவி, அதற்குள் பைஇன்ஸ்டாலரை ஓட்டுகிறது. சி-யில் எழுதிய துணை லைப்ரரிகளை மட்டும் அதே கன்டெய்னரில் மிங்டபிள்யூவால் கம்பைல் செய்துகொள்கிறார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் எமுலேஷன், மற்றதுக்கு கிராஸ் கம்பைலர். இந்தப் பாகப்பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த யோசனை புதுசு இல்லை. மைக்ரோசாஃப்டின் முதல் மென்பொருளே இப்படித்தான் பிறந்தது. 1975 ஜனவரி இதழ் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினி வந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அதைத் தயாரித்த எம்ஐடிஎஸ் நிறுவனத்துக்கு, 'உங்கள் கணினிக்கு எங்களிடம் பேசிக் மொழி இருக்கிறது' என்று தகவல் அனுப்பினார்கள். இருந்ததோ ஒன்றுமில்லை. ஆல்டேரும் கையில் இல்லை, அதற்குள் இருந்த இன்டெல் 8080 சிப்பும் இல்லை. ஹார்வர்டில் ஒரு பிடிபி-10 பெரிய கணினி இருந்தது. ஆலன் 8080-ன் கையேட்டைப் படித்து, அந்தச் சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை பிடிபி-10-ல் எழுதினார். அந்தப் போலிச் சிப்பின் மேல் கேட்ஸ் பேசிக்கைக் கட்டினார். தசம எண் கணக்குகளை மான்ட்டி டேவிடாஃப் எழுதினார். கையேட்டின் ஒரு வரியை ஆலன் தப்பாகப் படித்திருந்தால், போலிச் சிப்பும் அதே தப்போடு நடந்திருக்கும். பேசிக் அங்கே அழகாக ஓடியிருக்கும், நிஜ ஆல்டேரில் கவிழ்ந்திருக்கும்.

1975 மார்ச்சில் காகித நாடாவில் நிரலைத் துளைத்து எடுத்துக்கொண்டு ஆலன் ஆல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். இறங்கப்போகிற நேரத்தில்தான் உறைத்தது: நாடாவிலிருந்து நிரலைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதற்கு ஒரு குட்டி நிரல் வேண்டும், அதை யாரும் எழுதவில்லை. விமானத்திலேயே உட்கார்ந்து எழுதினார். மறுநாள் நிஜ ஆல்டேரில் பேசிக் ஓடியது, 2+2 கேட்டதற்கு 4 என்று சொன்னது.

எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வது கையேட்டிலிருந்து எழுதியதே முதல் தடவை ஓடிவிட்டது என்ற ஆச்சரியத்துக்காக. எனக்கு அதைவிட அந்த ஏற்றும் நிரல் விட்டுப்போனதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் விட்டுப்போனது? பிடிபி-10-ல் அந்த வேலை தேவைப்படவே இல்லை. போலிச் சிப்பின் நினைவகத்தில் நிரலை வைத்தது எமுலேட்டரே. கேட்காமல், சத்தமில்லாமல் செய்துகொடுத்தது. எமுலேட்டர் தப்பாகச் செய்கிற விஷயம் சீக்கிரம் கண்ணில் படும், நிரல் நின்றுவிடும். அது கடனாகக் கொடுக்கிற விஷயம்தான் கடைசி வரை தெரியாது.

வைனில் இந்தக் கடன் எப்படி இருக்கும் என்று பாருங்கள். விண்டோஸ் நிரல் ஒவ்வொன்றும் ஏதோ சில சிஸ்டம் டிஎல்எல் கோப்புகளை எதிர்பார்க்கும். வைன் அவற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. இப்போது பைஇன்ஸ்டாலர் வந்து 'இந்த நிரலுக்கு என்னென்ன டிஎல்எல் வேண்டும்' என்று துழாவுகிறது. வைனின் சொந்த டிஎல்எல் ஒன்று கண்ணில் பட்டால், அதையும் நல்ல விண்டோஸ் கோப்பு என்று நம்பி மூட்டையில் போட்டுவிடலாம். கட்டிய இடத்தில் எல்லாம் ஓடும். நிஜ விண்டோஸ் வைத்திருக்கிறவர் திறக்கும்போது, வைனை நம்பி எழுதிய ஒரு கோப்பு வைன் இல்லாத ஊரில் போய் நிற்கும்.

இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது, ரொம்ப எளிமையானது. விண்டோஸின் இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகள் எல்லாவற்றுக்கும் முதல் 64 பைட்டுகள் பழைய டாஸ் காலத்துத் தலைப்பு. வழக்கமாக அதையடுத்து 'இந்த நிரல் டாஸில் ஓடாது' என்று சொல்லும் துக்கடா நிரல் இருக்கும். வைன் தன் டிஎல்எல்களில் அந்த 64-வது பைட்டிலிருந்து 'வைன் பில்ட்-இன் டிஎல்எல்' என்று ஆங்கிலத்தில் 16 எழுத்தில் எழுதி வைக்கிறது. பைஇன்ஸ்டாலருக்குள் தான் வைனில் ஓடுகிறோமா என்று பார்க்கும் சோதனையும், அந்த எழுத்துகளைத் தேடும் ஒரு சின்ன ஃபங்ஷனும் இருக்கின்றன. பாத்திரத்தில் பேர் வெட்டி வைப்பார்களே, அதேதான்.

இன்னொரு கடன், ஆன்டிவைரஸ். வைனுக்குள் அப்படி ஒரு காவல்காரர் கிடையாது. நிஜ விண்டோஸில் உண்டு. பைஇன்ஸ்டாலர் ஒட்டிக் கொடுக்கும் துவக்கி உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால், அதை வைத்து வைரஸ் மூட்டை கட்டியவர்களும் இருப்பதால், சில ஆன்டிவைரஸ்கள் அந்தத் துவக்கியைப் பார்த்தாலே சத்தம் போடுகின்றன. லினக்ஸில் கட்டி லினக்ஸிலேயே சோதித்தால் இது தெரியவே தெரியாது. எலக்ட்ரம்காரர்கள் துவக்கியையும் தாங்களே கம்பைல் செய்துகொள்வதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை இருக்கும்போது பேசாமல் ஒரு விண்டோஸ் கணினியிலேயே கட்டிவிட்டுப் போகலாமே? இங்கேதான் முதலில் சொன்ன பெரிய விஷயம் வருகிறது.

திறந்த மூலநிரல் என்றால் நம்பிக்கையானது என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் நீங்கள் மூலநிரலை ஓட்டுவதில்லை, யாரோ கட்டிக்கொடுத்த இஎக்ஸ்இ கோப்பை ஓட்டுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு என்ன சாட்சி? 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் நடந்தது இதுதான். ஊடுருவியவர்கள் மூலநிரல் கிடங்கில் கை வைக்கவில்லை. கட்டும் கணினியில் ஒரு சின்ன நிரலை உட்கார வைத்தார்கள். எம்எஸ்பில்ட் எப்போது ஓடுகிறது என்று அது காத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் ஒரே ஒரு மூலக்கோப்பை மாற்றி வைக்கும். கட்டி முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துவிடும். கிடங்கைப் படித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தம். வெளியே போன மென்பொருளில் நிறுவனத்தின் உண்மையான டிஜிட்டல் கையெழுத்து. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போய்ச் சேர்ந்தது.

பணப்பை மென்பொருளில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பரில் எலக்ட்ரம் பயனர்களுக்கே வேறு வழியில் ஒரு அடி விழுந்தது. போலி சர்வர்கள் 'புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று செய்தி காட்ட, அந்தப் போலிப் பதிப்பை நம்பி நிறுவியவர்கள் 200-க்கும் மேற்பட்ட பிட்காயினை இழந்தார்கள். அங்கே அசல் கோப்பில் தப்பில்லை, கையெழுத்தைச் சரிபார்த்திருந்தால் போலி என்று தெரிந்திருக்கும். ஆனால் அசல் கோப்பே அசல்தானா என்ற கேள்விக்குக் கையெழுத்து பதில் சொல்லாது. சோலார்விண்ட்ஸில் கையெழுத்து சரியாகத்தானே இருந்தது.

பதில் ஒன்றுதான்: வேறு யாராவது, வேறு கணினியில், அதே மூலநிரலிலிருந்து கட்டிப் பார்த்து, பைட்டுக்குப் பைட்டு அதே கோப்பு வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். அதற்குக் கட்டும் இடமும் அச்சாக அதே மாதிரி இருக்க வேண்டும். விண்டோஸ் கணினியை அப்படிப் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது. லைசென்ஸ் இடிக்கும், அது தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். டாக்கரும் வைனும் அப்படியல்ல. இந்த லினக்ஸ், இந்த வைன் பதிப்பு, இந்த பைத்தான், ஒவ்வொன்றுக்கும் இந்த ஹாஷ் என்று கட்டும் இடத்தையே ஒரு சமையல் குறிப்பு மாதிரி சில பக்க ஸ்கிரிப்டாக எழுதிவிடலாம். யார் வேண்டுமானாலும் அந்த வீட்டைக் கட்டி, மென்பொருளைக் கட்டி, வீட்டை இடித்துப் போட்டுவிடலாம். நிஜ விண்டோஸ் இல்லாமல் இருப்பதே இங்கே வசதி.

அதற்குப் பிறகும் பைட்டுகள் லேசில் ஒத்துப்போகாது. இஎக்ஸ்இ கோப்பின் தலைப்பில் கட்டிய நேரத்தை எழுத 4 பைட் இடம் இருக்கிறது. நேற்று கட்டினால் ஒன்று, இன்று கட்டினால் வேறு. பைத்தானில் எழுத்துச்சரங்களின் ஹாஷ் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறாக இருக்கும், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் செட் ஒன்றில் இருக்கும் உருப்படிகளின் வரிசை மாறும், கம்பைல் ஆகும் கோப்பும் மாறும். எனவே ஹாஷ் விதையை ஒரு எண்ணில் நிறுத்தி வைக்கிறார்கள். நேரத்தையும் நிறுத்தி வைக்கிறார்கள். இன்ஸ்டாலருக்குள் போகும் கோப்புகள் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரம் வைக்கும் தேதி 2000 நவம்பர் 11, மணி 11:11:11. யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார்.

பிராசஸரும் மாறினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்டெல் கணினியில் இருந்துகொண்டு ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கணினிக்குக் கட்டும்போது வைன் போதாது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்ட கியூஎம்யூ வேண்டும். அது ஆர்ம் கட்டளைகளைத் துண்டு துண்டாக இன்டெல் கட்டளைகளாக மாற்றி ஓட்டும். லினக்ஸ் கெர்னலில் ஒரு வசதி இருக்கிறது: கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து 'இது ஆர்ம் நிரல்' என்று கண்டுகொண்டு கியூஎம்யூவிடம் தானே தள்ளிவிடும். நீங்கள் சும்மா நிரலின் பெயரை அடித்தால் போதும். மாயம் மாதிரி இருக்கும், ஆனால் மெதுவு. பெரிய சி++ நிரலின் கம்பைலரையே கியூஎம்யூவுக்குள் ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம், சாப்பிட்டுவிட்டும் வரலாம். இங்கேயும் எலக்ட்ரமின் அதே பாகப்பிரிவினைதான் சரி. சிறு சாதனங்களுக்கு லினக்ஸ் கட்டும் யோக்டோ திட்டம் கம்பைல் வேலையைக் கிராஸ் கம்பைலரிடம் கொடுத்துவிட்டு, கட்டிய லைப்ரரியை ஓட்டித் தகவல் எடுக்க வேண்டிய இடங்களில் மட்டும் கியூஎம்யூவைக் கூப்பிடுகிறது.

மறுபடியும் எலக்ட்ரமுக்கு வந்தால், கடைசியாக ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. நீங்கள் வீட்டில் கட்டிய கோப்பும் தளத்தில் இருக்கும் கோப்பும் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒன்றாக இருக்காது. தளத்தில் இருப்பதில் அவர்களுடைய கையெழுத்து ஏறியிருக்கும், அந்தச் சாவி உங்களிடம் இல்லை. அதனால் ஒப்பிடும் வழியையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தளத்துக் கோப்பிலிருந்து கையெழுத்தைக் கழற்ற வேண்டும். அதன் தலைப்பில் இருக்கும் சரிபார்ப்புத் தொகையைப் பூஜ்யமாக்க வேண்டும். உங்கள் கோப்பின் நீளம் 8-ஆல் வகுபடும் வரை கடைசியில் பூஜ்ய பைட்டுகளை ஒட்ட வேண்டும். பிறகு இரண்டின் ஹாஷையும் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால், கட்டும் இடத்தில் யாரும் எதையும் நுழைக்கவில்லை என்று தெரியும். அந்தக் கோப்பு விண்டோஸில் ஒழுங்காகத் திறக்குமா என்பது மட்டும் அப்போதும் தெரியாது. அதற்கு ஒரு நிஜ விண்டோஸ் கணினியில் இரண்டு முறை சொடுக்கித்தான் பார்க்க வேண்டும்.